நிரப்பின காணியில் நெல் விதைத்தால் அது கலையா?

சித்திர ரீச்சர் (தொடக்கப் பதிவு)

1982ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க்கில் ஒரு பெண் கோதுமை விதைத்தார். இடம், மன்ஹாட்டனின் தென்முனை. உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்கு அத்திவாரம் தோண்டிய மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டி, ஆற்றோரத்தை நிரப்பி எடுத்த நிலம். பணம் புரளும் வோல் ஸ்ட்ரீட் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் சுதந்திரதேவி சிலை. விதைத்தவர் அக்னஸ் டெனிஸ், 1931இல் புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கலைஞர். இருநூறு லொறி மண் இறக்கினார்கள். கல்லும் குப்பையும் பொறுக்கி, 285 சால்களைக் கையாலேயே தோண்டி, விதையையும் கையாலேயே போட்டார்கள். நாலு மாதம் களை பிடுங்கி, தண்ணீர் கட்டி, ஓகஸ்ட் 16 அறுவடை. இரண்டு ஏக்கரில் ஆயிரம் இறாத்தலுக்கு மேல் கோதுமை. அந்தக் காணியின் அப்போதைய மதிப்பு 450 கோடி டொலர் என்று அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு பெறுமதியான நிலத்தில் போயும் போயும் கோதுமையா என்று பார்ப்பவன் கேட்க வேண்டும், அதுதான் அந்தப் படைப்பு.

இதை ஏன் இங்கே போடுகிறேன் என்றால், என்னிடம் படித்து இப்போது மட்டக்களப்பு கல்லடியில் கட்புலக்கலை படிக்கும் பிள்ளை ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு ஒரு யோசனையோடு வந்தாள். இங்கே அம்பாறைக் கரையோரத்தில், காரைதீவைத் தாண்டித் தெற்கே போகும் வீதியில் இரண்டு பக்கமும் வயல் இருந்தது எல்லோருக்கும் தெரியும். இப்போது இடையிடையே கிரவல் கொட்டி நிரப்பிய துண்டுகள். அப்படி ஒரு இருபது பேர்ச் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) துண்டு அவளுடைய உறவுக்காரருடையது. வீடு கட்டக் காசு சேரும் வரைக்கும் சும்மா கிடக்கிறது. வருகிற மாரியில் அந்தக் கிரவலுக்கு மேலேயே நெல் விதைத்து, அதையே தன்னுடைய படைப்பாகக் காட்டப் போகிறாளாம். எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

வட்டை விதானை

ரீச்சர், திட்டச் சொன்னபடியால் திட்டுகிறேன்.

இரண்டு ஏக்கரில் ஆயிரம் இறாத்தல் என்றால் கிட்டத்தட்ட 450 கிலோ. இங்கே இரண்டு ஏக்கருக்கு மூவாயிரம் கிலோவுக்குக் கீழே போனாலே விழுந்த வெள்ளாமை என்போம். 450 கிலோ வந்தால் கமநல சேவை நிலையத்தில் நட்டஈட்டுப் படிவம் எழுதிக்கொண்டு நிற்போம். அந்த மனுசிக்கு அது உலகப் புகழ்.

நான் அவவைக் குறை சொல்லவில்லை. நியூயோர்க்கில் இருக்கிறவன் பாணைப் பார்த்திருப்பான், கோதுமைக் கதிரைக் கண்டிருக்க மாட்டான். அவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது, காட்டினா. இங்கே யாருக்குக் காட்டப் போறீங்க? அக்கரைப்பற்று பஸ்ஸில் போகிற ஒவ்வொருவனுக்கும் குடலை எது, கதிர் எது என்று தெரியும். பாதிப் பேர் வீட்டில் விதைநெல் மூடை கிடக்கும். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். அந்த மே மாதம் வர்த்தமானி வந்து, நவம்பரில் திரும்ப எடுக்கும் வரைக்கும் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, மஞ்சளித்துப்போன வெள்ளாமையை அப்போது வட்டை வட்டையாகப் பார்த்தோம். ஆயிரக்கணக்கான ஏக்கர் கண்காட்சி. எந்தக் கலைஞரும் தேவைப்படவில்லை.

கடன்பட்டு விதைக்கிறவனுக்கு விதைப்பு ஒரு தொழில். அதையே ஒருத்தர் காசு வாங்காமல், கடன் படாமல், படம் எடுக்கிறதற்காகச் செய்தால் அதைக் கலை என்கிறீர்கள். பசியில்லாதவர்களின் விளையாட்டு என்று நான் சொல்கிறேன்.

கல்லாத்துப் பெடியன்

அண்ண, விளைச்சலைக் கணக்குப் பார்க்கிறதென்றால் எல்லாக் கலையும் நட்டம்தான். ஒரு வடமோடிக் கூத்துக்கு உடுப்பு, வில்லுடுப்பு, கொட்டகை, ஆறு மாதப் பழக்கம் எல்லாம் சேர்த்தால் என்ன மிச்சம்?

அவ எடுத்துப் பேசுறது அந்த இடத்தை. வயல் வயலில் இருந்தால் யாரும் கிறுகிப் பார்க்க மாட்டான். காசு புரளும் இடத்தில் நின்றதால்தான் எல்லாரும் பார்த்தார்கள். நிரப்பின கிரவலில் நெல் நின்றால் பஸ்ஸில் போகிறவன் கட்டாயம் பார்ப்பான். "என்ன கா இது, கிரவலில் ஆரோ விதைச்சிருக்கான்" என்று நாலு பேர் கதைப்பார்கள். அந்தக் கதை போதும்.

வட்டை விதானை

கதைப்பார்கள் மனே. விதைச்சவனுக்குப் பைத்தியம் என்று கதைப்பார்கள். மறுகா பஸ் போய்விடும்.

நிந்தவூர் காக்கா

இந்தக் கதையில் ஒருவரை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். காணியை நிரப்பினவரை.

ஊருக்கு வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு நிரப்பினவன் பேராசைக்காரன். எங்கள் ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு நாடா மாதிரி ஊர். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் இதே கதைதான். தமிழரோ முஸ்லிமோ, இந்தக் கரையில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு கொடுக்க வேண்டும். மூன்று பெண்பிள்ளை இருந்தால் மூன்று வீடு. தகப்பன் வெளிநாட்டில் கிடந்து உழைத்து முதலாவது பிள்ளைக்குத் தன் வளவைப் பிரித்துக் கொடுப்பான். இரண்டாவதுக்கு? மூன்றாவதுக்கு?

கடல் பக்கம் போகவும் முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிகம் பேர் செத்தது நம்முடைய அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அதற்குப் பிறகு தெற்கில் 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். பிறகு தளர்த்தினார்கள், அது வேறு கதை. ஆனால் இந்த ஊர்களில் பாதிக்கு 200 மீற்றர் என்றால் ஊரே அவ்வளவுதான். போதாததற்கு ஒலுவில் துறைமுகம். 2013இல் திறந்தார்கள். கடல் மணலை நகர்த்தும் வழியில் கல்லணையைப் போட்டபடியால் ஒரு பக்கம் மணல் தேங்க, மற்றப் பக்கம் கரை போகிறது. ஒலுவிலில் தென்னந்தோட்டம் தோட்டமாகக் கடலுக்குள் போனதை நானே பார்த்திருக்கிறேன். வேர் வெளியே தெரிய, மரம் சரிஞ்சு, மட்டை தண்ணீரில் அடிபட்டுக்கொண்டு கிடக்கும். அதையும் அழகான படம் என்று ஆட்கள் பேஸ்புக்கில் போட்டார்கள்.

ஆகக் கிழக்கே கடல் தள்ளுகிறது, மனிசன் மேற்கே வயலுக்குள் இறங்குகிறான். ரீச்சருடைய மாணவி கிரவலில் நெல் நட்டு யாரைப் பார்த்து விரல் நீட்டப் போகிறா? மூன்றாவது பெண்பிள்ளையின் தகப்பனைப் பார்த்தா? 450 கோடி டொலர் நிலத்தின் சொந்தக்காரனும் இருபது பேர்ச் கிரவல் காணிக்காரனும் ஒரே ஆள் இல்லை.

சித்திர ரீச்சர்

காக்கா, இதை அந்தப் பிள்ளைக்கு அப்படியே அனுப்பியிருக்கிறேன். காணி அவளுடைய மாமியுடையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாமிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள்.

மதகு

நீர்ப்பாசனத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

வயல் நெல்லுக்கு மட்டும் இல்லை. மாரியில் மேற்கே இருந்து இறங்கும் வெள்ளம் வந்து தங்கி, மெல்ல மெல்ல ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் போகிற இடம் அது. ஒரு ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் பன்னிரண்டு இலட்சம் லீற்றருக்கு மேல். அந்த ஏக்கரை மூன்றடி உயரத்துக்குக் கிரவலால் நிரப்பினால் அவ்வளவு தண்ணீரும் பக்கத்து வயற்கண்டத்துக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2024 நவம்பரில் இந்தப் பக்கம் நடந்ததை எழுத மனம் வரவில்லை.

சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் வயல் நிரப்பக் கூடாது. ஆனால் நிரப்புகிறவன் ஒரே நாளில் நிரப்ப மாட்டான். ஒரு மாரி விதைக்காமல் விடுவான், புல் ஏறும். மறுவருசம் ஓரத்தில் இரண்டு டிப்பர் கொட்டுவான். அதற்கடுத்த வருசம் வேலி. மூன்று வருசம் கழித்துப் போய்ப் பார்த்தால் அது எப்போதோ மேட்டுக்காணி என்று சொல்ல ஆள் இருக்கும்.

மாணவி விதைக்கிறதென்றால் விதைக்கட்டும். நெல்லை விட எனக்கு அந்த மட்டம்தான் முக்கியம். பக்கத்து வயலின் வரம்பில் நின்று பார்த்தால் நெஞ்சு உயரத்தில் நெல் நிற்கும். அதைப் பார்த்தால் எவ்வளவு கொட்டியிருக்கிறார்கள் என்று யாருக்கும் விளங்கும்.

ரொறன்ரோவான்

வெளிநாட்டில் இதெல்லாம் சாதாரணம். ஓலாபூர் எலியாசன் என்ற கலைஞர் கிறீன்லாந்தின் கடலில் மிதந்த பனிப்பாறைத் துண்டுகளைக் கொண்டுவந்து நகரச் சதுக்கத்தில் வைத்து உருக விட்டார். 2014இல் கொப்பன்ஹேகன், 2015இல் காலநிலை மாநாடு நடந்தபோது பாரிஸ், 2018இல் லண்டன். பாரிஸில் பன்னிரண்டு துண்டு, மணிக்கூட்டு முகம் மாதிரி வட்டமாக. ஆட்கள் தொட்டுப் பார்த்தார்கள், காது வைத்துக் கேட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு இன்னும் கோயில் சுவர் ஓவியத்தைத் தாண்டிக் கலை தெரியாது. முதலில் மட்டக்களப்பில் ஒரு நல்ல கலைக்கூடம் வேண்டும்.

வட்டை விதானை

கிறீன்லாந்தில் உருகிற பனியைக் கப்பலில் ஏற்றி, எண்ணெய் எரித்துப் பாரிஸுக்குக் கொண்டுவந்து, பனி உருகுது பார் என்று காட்டினாராம். தம்பி, நீங்க அங்கேயே இருங்க.

கல்லாத்துப் பெடியன்

அதற்கு எவ்வளவு கரியமிலவாயு செலவானது என்று அவர்களே கணக்குப் போட்டு வெளியிட்டார்கள் அண்ண. மறைக்கவில்லை.

வட்டை விதானை

கணக்குக் காட்டினால் கடன் தீர்ந்துவிடுமா?

மட்டுறுத்துநர்

"ஊரில் இருக்கிறவன்", "வெளிநாட்டில் இருக்கிறவன்" என்று தொடங்கிய ஏழு பதில்களை நீக்கியிருக்கிறேன். நெல்லைப் பற்றிப் பேசுங்கள்.

பறைமேளம்

ரீச்சர் மேலே மரியாதை உண்டு. ஆனாலும் கேட்கிறேன், நியூயோர்க் வரைக்கும் ஏன் போக வேண்டும்? மழை பிந்தினால் இந்த மண்ணில் கொம்புமுறி நடத்தினார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். வளைந்த கொம்பு இரண்டைக் கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். தோற்ற சேரியை பாட்டிலேயே கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். கண்ணகி கோயில்களில் மழைக்காவியம் படிப்பார்கள். வைகாசிச் சடங்கில் குளிர்த்தி பாடி அம்மனின் சூட்டை ஆற்றுவார்கள். களவெட்டியில் சூடு மிதிக்கும்போது "பொலி, பொலி" என்று பாடாமல் மாடு சுற்றாது. இயற்கைக்கும் மனிசனுக்கும் உள்ள உறவைப் பற்றிய கலை என்றால் இதைவிட என்ன?

இதில் பார்வையாளர் என்று தனியாக ஒருவரும் இல்லை. வடத்தைப் பிடிக்காதவன் ஊரிலேயே இல்லை. உங்கள் கோதுமை வயலில் ஒருத்தி கலைஞர், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறவர்கள்.

கல்லாத்துப் பெடியன்

அண்ண, எல்லாம் சரி. இப்போது வயல் வெட்டுகிறது மெஷின். வரம்பில் நிறுத்தின லொறியில் நேரே நெல் கொட்டுகிறது. சூடும் இல்லை, களவெட்டியும் இல்லை, மாடும் இல்லை. பொலிப்பாட்டு பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டியில் பச்சை உடுப்போடு நடக்கிறது. கொம்புமுறி பார்த்த கிழவர்களே இனி எத்தனை பேர்? வானிலைத் திணைக்களத்தின் செய்தியை போனில் பார்க்கிறவனிடம் மழைக்காவியம் பற்றிச் சொன்னால் தலையாட்டுவான், அவ்வளவுதான். அந்தக் கலைக்கு மேலே இருந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான் நிரப்பிவிட்டோம்.

பறைமேளம்

நம்பிக்கை இல்லாதவன் கிரவலில் நெல் நட்டால் மட்டும் நம்பிக்கை வருமா?

சித்திர ரீச்சர்

பறைமேளம் அண்ண கேட்ட "வடம் பிடிப்பது" பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதே டெனிஸ் பின்லாந்தில் செய்த வேலை இது. பழைய கிரவல் அகழ்வு இடத்தில் ஒரு குன்றை எழுப்பினார்கள். 420 மீற்றர் நீளம், 270 மீற்றர் அகலம், 38 மீற்றர் உயரம். 1992க்கும் 1996க்கும் இடையில் பதினோராயிரம் பேர் பதினோராயிரம் மரம் நட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தான் நட்ட மரத்துக்கு உரித்துப் பத்திரம். அதைப் பிள்ளைக்கு எழுதலாம், பேரனுக்கு எழுதலாம், நானூறு வருசத்துக்கு. மரம் வெட்டக் கூடாது. அங்கே வேடிக்கை பார்த்தவர் யார்? எல்லாரும் வடம் பிடித்தவர்கள்தான்.

நெல்லும் அவருக்குப் புதிதில்லை. 1968இலேயே நியூயோர்க் மாநிலத்தில் நெல் விதைத்தார். பிறகு 1977இல் நயாகரா ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் அரை ஏக்கர் நெல்.

சரி, இப்போது மாணவி சொன்னதைச் சொல்கிறேன். கிரவலில் நெல் சரியாக வராது என்று அவளுக்கும் தெரியும். அவள் உரம் போடப் போவதில்லை, தண்ணீர் இறைக்கவும் போவதில்லை. மழையில் முளைத்து, கொஞ்சம் எழும்பி, மஞ்சளித்துச் சாகும். ஒவ்வொரு கிழமையும் படம் எடுப்பாள். பக்கத்தில் பச்சை வயல், இந்தத் துண்டில் சாகிற நெல். அந்தச் சாவுதான் படைப்பு என்கிறாள்.

வட்டை விதானை

இப்போதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

முதலில் தொழில் விசயம். நெல் ஏன் கிரவலில் நிற்காது? வயலில் அடியில் களி இருக்கும். சேறடித்துப் பலகை இழுக்கும்போது அந்தக் களி இறுகி ஒரு தட்டுப் போல ஆகும், தண்ணீர் அதற்கு மேலே நிற்கும். கிரவலில் காலையில் பெய்த மழை மத்தியானம் இருக்காது. முளைக்கும். இரண்டு இலை, மூன்று இலை வரும். மறுகா நுனி காயும், வேர் போக இடமில்லாமல் கல்லைச் சுற்றி முறுகும். பிடுங்கிப் பார்த்தால் வேர் வெள்ளையாக இருக்காது, துருப்பிடித்த கம்பி நிறத்தில் இருக்கும். மழை விட்ட நாலாம் நாள் முடிந்தது கதை. இதற்கு ஒவ்வொரு கிழமையும் படம் தேவையில்லை, மூன்று படம் போதும்.

இனி மற்ற விசயம். ரீச்சர் முதல் பதிவில் எழுதினதைத் திரும்ப வாசித்தேன். அந்த மனுசி கல் பொறுக்கியிருக்கிறா, களை பிடுங்கியிருக்கிறா, தண்ணீர் கட்டியிருக்கிறா. நானும் தேடிப் பார்த்தேன். உரம் போட்டிருக்கிறா, பூஞ்சணத்துக்கு மருந்தும் அடித்திருக்கிறா. அறுத்த பிறகு வைக்கோலை நியூயோர்க் பொலிஸ் குதிரைகளுக்குக் கொடுத்திருக்கிறா. கோதுமையை 28 நகரத்துக்குக் கொண்டுபோய்ப் பசிக்கு எதிரான கண்காட்சியில் வைத்து, ஆட்கள் அந்த விதையை எடுத்துக்கொண்டுபோய் விதைத்திருக்கிறார்கள். 450 கிலோதான் வந்தது, ஆனால் அவ வெள்ளாமை செய்திருக்கிறா. விதைச்சவள் அறுத்தாள். இதைக் கலை என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை, முன்பு சொன்னது அந்த 450 கிலோவைப் பார்த்துத்தான்.

உங்கள் பிள்ளை செய்யப் போகிறது அதுவா? நெல்லை விதைத்துவிட்டுச் சாகிறதை நின்று பார்க்கிறது. எங்களுடைய ஆட்கள் காலில் நெல் மிதிபட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார்கள். தையில் புதிர் எடுக்கும்போது முதல் கதிரை வீட்டுக்குள் கொண்டுபோகிறது எப்படி என்று ரீச்சருக்குத் தெரியும். வேண்டுமென்றே நெல்லைச் சாகக் கொடுத்துப் படம் எடுக்கிறவளுக்கும் வேண்டுமென்றே வயலில் கிரவல் கொட்டுகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்காவது மகளுக்கு வீடு வேண்டும்.

ரொறன்ரோவான்

இது மூடநம்பிக்கை. நெல் ஒரு பயிர், அவ்வளவுதான்.

நிந்தவூர் காக்கா

சோறு சிந்தினால் பொறுக்கித் தின்னச் சொல்லி எங்களையும் வளர்த்தார்கள். அதில் மூடநம்பிக்கை எங்கே வந்தது? விதானை அண்ண சொல்றதில் எனக்கு முழு உடன்பாடு, ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கல்லாத்துப் பெடியன்

நான் உடன்பட மாட்டேன். அம்பாறைப் பல்லக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீன் தின்கிற படங்கள் உலகம் சுற்றின. அந்தப் படங்களும் ஒரு சாவைத்தான் காட்டின. அதைக் காட்டினது தப்பா?

வட்டை விதானை

படம் எடுத்தவர் யானைக்குப் பொலித்தீன் ஊட்டவில்லை மனே. அது வேறு, இது வேறு. அந்தப் படங்களுக்குப் பிறகும் 2022 ஜனவரியில் இரண்டு யானை அங்கே செத்துக் கிடந்தன. எட்டு வருசத்தில் இருபது என்று செய்தியில் போட்டார்கள். காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நீங்கள் எல்லாரும் நினைக்கிறீர்கள், அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

புதிர்நெல்

ரீச்சர் சொன்ன மாணவி நான்தான். இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

விதானை மாமா, நீங்கள் கேட்ட வித்தியாசத்துக்கு என்னிடம் பதில் இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்காது. கிரவல் கொட்டும்போது அடியில் எது செத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு மாரி விதைக்காமல் விட்டு, புல் ஏறி, பிறகு கொட்டுகிறார்கள் என்று மதகு ஐயா எழுதியிருந்தார். நெல் அங்கே சத்தமில்லாமல் இல்லாமல் போகிறது. உங்களுக்குக் கோபம் வந்தது நான் நெல்லைச் சாக விடுவேன் என்று சொன்னபோது. அந்த வீதியில் இத்தனை ஏக்கர் போனபோது இந்தப் பக்கத்தில் யாரும் இப்படிக் கோபப்பட்டு எழுதி நான் பார்க்கவில்லை. இருபது பேர்ச் நெல்லுக்கு இவ்வளவு கோபம் வருமென்றால் நான் எடுத்த வழி சரி என்றுதான் நினைக்கிறேன்.

காக்காவுக்கு: மாமியைக் குற்றவாளியாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மாமியோடு பேசினேன். அந்தக் காணியை நிரப்பத் தன் காப்பு விற்றதாகச் சொன்னா. ஒரு டிப்பர் கிரவலுக்கு எவ்வளவு, எத்தனை டிப்பர் என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறா. அந்தக் கொப்பியின் பக்கங்களையும் நெல்லோடு சேர்த்துக் காட்டலாமா என்று கேட்டேன். முதலில் சிரித்தா. பிறகு, வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிற நாளையும் படம் எடுப்பாயா என்று கேட்டா. எடுப்பேன் என்றேன்.

நிந்தவூர் காக்கா

தங்கச்சி, அந்தக் கொப்பியைப் போடுங்க. நெல்லு வந்தாலும் வராட்டியும் கொப்பி போதும். அதைப் பார்த்தால் எங்கள் ஊர் உம்மாமார் ஒவ்வொருத்தருக்கும் தங்கள் கொப்பி நினைவு வரும்.

மதகு

மட்டம் அளக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள் பிள்ளை. பக்கத்து வரம்பிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு தடியில் கோடு போட்டு நட்டுவிடலாம். 2011இல் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று பக்கத்துக் காணிக்காரருக்குத் தெரிந்திருக்கும், அதற்கும் ஒரு கோடு போடலாம். செலவில்லை.

பறைமேளம்

தடியும் கோடும் நல்லது. ஆனால் விதைக்கிற அன்றைக்கு ஏர்ப்பாட்டுத் தெரிந்த கிழவர் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கல்லுக்கு மேலே அந்தப் பாட்டு எப்படிக் கேட்கும் என்று எனக்கும் பார்க்க ஆசை. நான் இன்னும் உங்கள் பக்கம் இல்லை, சொல்லிவிட்டேன்.

வட்டை விதானை

பிள்ளை, கோபம் வந்ததுதான் உன் வெற்றி என்று எழுதியிருக்கிறாய். கெட்டிக்காரி. ஆனால் ஒரு சின்ன விசயம்: அந்த வீதியில் வயல் நிரப்பினபோது நாங்கள் சும்மா இருக்கவில்லை. விவசாய அமைப்புக் கூட்டத்தில் சண்டை பிடித்திருக்கிறோம், கடிதம் கொடுத்திருக்கிறோம், வரம்பில் தண்ணீர் போகிற வக்கடையை அடைத்துப் போட்டவனோடு மண்வெட்டியோடு நின்றிருக்கிறோம். அதெல்லாம் பேஸ்புக்கில் வரவில்லை, அவ்வளவுதான். உன் படத்தில் அதற்கும் ஒரு இடம் வை.

சாகக் கொடுக்கிறதற்கு நான் இன்னும் சம்மதமில்லை. அப்படித்தான் செய்வேன் என்றால் என்னிடம் விதைநெல் கேட்காதே, தரமாட்டேன். வேறு வழி ஒன்று சொல்கிறேன். இருபது பேர்ச்சில் பாதியை விடு. மற்றப் பாதியில் கிரவலைச் சுரண்டி ஒரு பக்கம் ஒதுக்கி, அடியில் இருக்கிற பழைய வயல் மண்ணைத் தேடு. கொட்டி நாலைந்து வருசம்தான் என்றால் களி இன்னும் உயிரோடு இருக்கும். கறுப்பாக, கையில் ஒட்டுகிற மாதிரி. அதற்குள் போடு. மழை வந்தால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும், நெல் நிற்கும். பக்கத்தில் கிரவலில் உன் மற்ற நெல் சாகட்டும், அதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். குழிக்குள் நிற்கிறதை நீதான் அறுக்க வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. அதற்கென்றால் மூன்றரை மாத நெல் தருகிறேன். பிஜி 94-1 இருக்கிறது.

மாமியிடம் முதலில் கேள். சுரண்டின கிரவலைத் திரும்பக் கொட்ட டிப்பருக்கு யார் காசு கொடுக்கிறது என்று அவ கட்டாயம் கேட்பா.

புதிர்நெல்

கேட்டுவிட்டேன் மாமா. அதைத்தான் முதலாவதாகக் கேட்டா.

ரொறன்ரோவான்

டிப்பருக்கு நான் தருகிறேன். ஒரு நிபந்தனையும் இல்லை.

வட்டை விதானை

இரண்டு டிப்பர் என்று வைத்துக்கொள்ளுங்க தம்பி. ரீச்சர், வட்டையில் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் முடிந்து விதைப்புத் திகதி வந்ததும் இங்கே போடுகிறேன். மற்றவர்களுக்கு முந்தி விதைத்தால் குருவி முழுவதும் உங்கள் குழியில்தான் இறங்கும்.